படித்தவர், ஒப்பிட்டவர்

பத்திரம் பதிவாகிவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தாக்களான எங்களுக்கு அப்புறம்தான் வேலையே தொடங்கும். அசல் பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து பெரிய புத்தகத்தில் கையால் நகல் எடுக்க வேண்டும். எடுத்த நகலை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஒருவர் அசலை உரக்கப் படிப்பார். மற்றவர் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து வரிக்கு வரி "சரி" என்பார். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று படித்தவர், இன்னொன்று ஒப்பிட்டவர். ஏறக்குறைய பத்து வருஷம் முதல் இடத்தில் என் கையெழுத்தும், இரண்டாவது இடத்தில் என் தங்கை வீட்டுக்காரரின் கையெழுத்தும் இருக்கும்.

எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. செஞ்சியிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பக்கூடிய தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகங்கள் இன்றும் அங்கே இருக்கும். அவற்றில் சிலவற்றில் நான் பொய்யாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஓய்வு பெற்றவன்மீது நடவடிக்கை எடுக்க என்ன விதி, எத்தனை வருஷத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. என் தைரியத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

அவர் முதலில் ஆபீஸில்தான் எனக்குப் பழக்கம். வெற்றிலை இல்லை, பொடி இல்லை, சுருட்டு இல்லை, சீட்டாட்டம் இல்லை. குறை கண்டுபிடிக்க ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டுத் தங்கையைக் கொடுத்தேன். "இன்னாண்ணே, ஒரு வெத்தல கூட போடாத ஆளப் புடிச்சிக்கினு வந்துக்கிற. பொண்ணு பாக்க வந்தப்போ தட்டுல வச்சது அப்டியே இருக்குது" என்று அவள் சிரித்தாள். அவர் என்னை மச்சான் என்பார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். ஆபீஸர் முன்னால் மட்டும் இருவரும் ஒருவரை ஒருவர் சார் என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஆபீஸர் உள்பட யாரும் அதை நம்பியதில்லை.

ஒப்பிடுவதில் அவருக்கு இணை கிடையாது. ஒவ்வொரு நிலத்துக்கும் நாலு எல்லை எழுதுவார்கள். வடக்கே இன்னாருடைய புஞ்சை, தெற்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே மலையடிவாரம் என்று. நான் வடக்கு எல்லையைப் படித்து முடிப்பதற்குள் மற்ற மூன்றையும் அவர் சொல்லிவிடுவார். அதே நிலம் ஐந்து வருஷத்துக்கு முன் யார் பேரில் இருந்தது என்பதும் தெரியும். நான் எங்கேயாவது அவசரத்தில் "கிணறும் மரங்களும்" என்பதைக் "கிணறு மரங்களும்" என்று படித்தால் பென்சிலால் மேஜையைத் தட்டுவார்.

"மச்சான், ஒரு 'உம்'ம முழுங்கிட்டீங்க. அவ்ளோ பசியா?"

"ஒரு 'உம்'முல இன்னாய்யா கொறஞ்சிடும்?"

"கெணத்துல பாதி கொறஞ்சிடும். அப்புறம் கோர்ட்டுக்குப் போய் இறைச்சிக்குவீங்களா?"

யுத்தம் தொடங்கிய சமயத்தில் அவருக்கு ஒரு பக்கத்து மூக்கு அடைத்துக்கொண்டது. காலையில் சீந்தினால் ரத்தம் வந்தது. காது அடைத்தது. கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி தெரிந்தது. செஞ்சியில் சளி என்றார்கள். திண்டிவனத்தில் பழைய சளி என்றார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பெயர் சொன்னார்கள். மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே, கத்தி போக முடியாத இடத்தில் புற்று. அறுக்க முடியாது, எக்ஸ்ரே கொடுத்துக் கரைத்துப் பார்க்கலாம் என்றார்கள். படம் பிடிக்கும் எக்ஸ்ரே இல்லை, உள்ளே ஆழமாகப் போகிற எக்ஸ்ரே. வார்டில் கூட்டிப் பெருக்குகிறவர்களிலிருந்து சோறு போடுகிறவர்கள் வரைக்கும் அதற்கு ஒரே பெயர்தான்: கரண்டு வைக்கிறது.

அந்தச் சொல் எங்களுக்கு முன்னாலேயே செஞ்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்டு வராத காலம். "தெருவுக்கே வராத கரண்டு உங்க மாப்ளைக்கு மட்டும் தனியா வந்துட்டுதே சார்" என்றார் பஸ் கண்டக்டர். நான் இண்டர்மீடியட் தேறியவன். அது கரண்டு அல்ல, கதிர் என்று திருத்தினேன். மூன்று வாரத்துக்குள் எனக்கே வாய் தவறிக் கரண்டு என்றுதான் வந்தது.

தினம் ஒரு தடவை. இன்று வலது கன்னம் என்றால் நாளை இடது கன்னம். மேஜைமேல் படுக்கவைத்து, குழாய் போன்ற ஒன்றைக் காதுக்கு முன்னால் அழுத்தி வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும்.

"எல்லாரும் வெளிய ஓடிர்றாங்க மச்சான். பொணத்துக்குப் பக்கத்துல கூட யாராச்சும் ஒருத்தர் உக்காந்திருப்பாங்க" என்றார் அவர்.

போகப்போக இரண்டு கன்னமும் சுட்ட கத்தரிக்காய்த் தோல் போலக் கறுத்து உரிந்தன. இரண்டு நெற்றிப்பொட்டிலும் ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டியது. அது திரும்ப முளைக்கவே இல்லை. எச்சில் வற்றியது. உப்பு, உறைப்பு, புளிப்பு எதுவும் தெரியவில்லை. கஞ்சியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினார். ஆனால் கட்டி கரைந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்த பெரிய டாக்டர் சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்த அன்று தங்கை அழுததைப் போல அவள் கல்யாணத்தன்றுகூட அழவில்லை.

நாலு வருஷம் நன்றாக இருந்தார். கையில் ஒரு கூஜாத் தண்ணீர் இல்லாமல் எங்கேயும் போகமாட்டார், ஒரு காது மந்தம், அவ்வளவுதான். பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ் மேடு ஏற முடியாமல் நிற்கும்போது இறங்கித் தள்ளுகிற முதல் ஆள் அவர்தான். உயிர் போய்த் திரும்பி வந்தவர் என்று ஊரே மரியாதை கொடுத்தது. அதை அவர் கொஞ்சம் ரசித்தார் என்றும் சொல்ல வேண்டும்.

முதலில் சொன்னது தங்கைதான்.

"அண்ணே, அவரு ஒரே கதைய மூணு வாட்டி சொல்றாரு."

"எந்தப் புருஷன்தான் சொல்லல?"

"சிரிக்காத. நேத்து சாப்ட்டு கை கழுவிட்டு வந்து, எலை போடலியான்னு கேக்கறாரு. போட்டேனேன்னா மொறைக்கறாரு. அவரு மொறைச்சி நான் பாத்ததே இல்ல."

காது மந்தம், தூக்கம் போதவில்லை, ரேஷன் அரிசி என்று வாய்க்கு வந்த காரணங்களைச் சொன்னேன். அடுத்த மாதம் அவள் வேறொன்று சொன்னாள். திடீர் திடீரென்று, "இன்னாமோ கருவுது, அடுப்பப் பாரு" என்கிறார். அடுப்பு அணைந்துதான் இருக்கிறது. அப்படிச் சொன்னதும் எங்கேயோ பார்த்தபடி உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டால் கேட்பதில்லை. இரண்டு நிமிஷம் கழித்து, ஒன்றும் நடக்காதது போல் "இன்னா?" என்கிறார். அவள் இரண்டு தடவை அடுப்பில் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாள், அவருக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று.

ஊர் தன் தீர்ப்பைச் சொல்ல அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு முகம் வழிக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், மாப்ளைக்கு வச்ச கரண்ட எறக்குனாங்களா?"

"எறக்கறதா?"

"ஏத்துனா எறக்கணும் இல்ல? எறக்காம அனுப்பிச்சிட்டாங்க. உள்ளயே தங்கிக்கினு மூளைக்கு ஏறுது. எல்லாரும் சொல்றாங்க."

நான் படித்தவன் அல்லவா? அரை முகச் சோப்போடு அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அது பாம்பு விஷம் போல உடம்பில் தங்குகிற சரக்கு இல்லை, இயந்திரத்தை நிறுத்தினால் அதோடு தீர்ந்தது என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொன்னா சரிதான் சார். ஆனா மாப்ள மூஞ்சியப் பாத்தா அப்டித் தெரியல" என்றார்.

ஆபீஸில் நான் சந்தேகப்பட்டது ஒரு கிரயப் பத்திரத்தில். நகலில் கிழக்கு எல்லை இரண்டு தடவை எழுதப்பட்டு மேற்கு எல்லை விட்டுப்போயிருந்தது. அவரோ எல்லா வரிக்கும் "சரி" சொல்லிவிட்டார். ஒப்பிட்டு முடித்துக் கையெழுத்தும் ஆன பிறகு, புத்தகத்தை மூடப்போகும்போது தற்செயலாக என் கண்ணில் பட்டது. மறுநாள் அவரைச் சோதித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். வடக்கு என்று இருந்ததைத் தெற்கு என்று படித்தேன்.

"சரி" என்றார்.

பத்திரத்தில் இல்லாத ஒரு புளியமரத்தைச் சேர்த்துப் படித்தேன்.

"சரி."

ஒரு வரியை முழுக்க விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அவர் விரல் அந்த வரியின் மேல் ஒழுங்காகத்தான் ஊர்ந்துகொண்டிருந்தது.

"சரி."

என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "படிங்க மச்சான். ஏன் நிறுத்திட்டீங்க?"

அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆபீஸருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர் டாக்டரிடம் அனுப்புவார். வேலை செய்ய இயலாதவர் என்று டாக்டர் சான்று கொடுத்தால் அதற்கென்று ஒரு பென்ஷன் உண்டு. தங்கைக்கும் அவருக்கும் அது போதும். ஆனால் தெரிவித்த மறுநாளே, அவர் ஒப்பிட்ட புத்தகங்களை எல்லாம் திரும்ப ஒப்பிட உத்தரவு வரும். பிழை அகப்பட்டால் ஒப்பிட்டவரை மட்டும் கேட்கமாட்டார்கள். படித்தவரையும் கேட்பார்கள். அடுத்த தலைமைக் குமாஸ்தா உத்தியோகம் எனக்கு வரவேண்டியிருந்தது.

ஆகவே நான் கருணையுள்ளவனாக இருக்கத் தீர்மானித்தேன். அவர் பங்குக்கு வந்த நகல் எடுக்கிற வேலையை இன்னொருவருக்குத் தள்ளினேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து, நானே படித்து நானே ஒப்பிட்டு, கடைசியில் கையெழுத்தை மட்டும் அவரிடம் வாங்கினேன். கையெழுத்து அப்படியே இருந்தது, ஒரு சுழி மாறாமல். இப்படி ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓட்டினேன். என் தங்கைக்காகச் செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை.

அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டார்.

"மச்சான், நான் சரியாத்தானே இருக்கிறேன்?"

"உங்களுக்கின்னா? ராஜா மாதிரி இருக்கிறீங்க."

"இல்ல... பத்திரம் எழுதிக் குடுக்க வர்றவனுக்குச் சித்த சுவாதீனம் இருக்குதான்னு நாம பாக்குறோம் இல்ல? இல்லன்னா திருப்பி அனுப்பிச்சிட்றோம். என்ன யாராச்சும் அப்டிப் பாத்தாங்கன்னா?"

"யாரு பாக்கப் போறாங்க?"

"பைத்தியம்னு மட்டும் எழுதிட உட்றாதீங்க மச்சான். குடிகாரன்னும். உடம்பு முடியாதவன்னு எழுதுனா பரவால்ல. அவளுக்கு அது கௌரவம்."

சரி என்றேன். ஐந்து நிமிஷம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். நானும் திரும்பச் சரி என்றேன்.

எங்கள் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்த புதிது. கடைகளை மூடிவிட்டதால், யார் தள்ளாடினாலும் எங்கே கிடைத்தது என்று நாலு பேர் கவனமாகப் பார்க்கிற காலம். மாப்பிள்ளைக்கு எச்சில் இல்லாததால் நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறும். நடையும் கொஞ்சம் சாயத் தொடங்கியிருந்தது. ஒருநாள் செஞ்சி பஸ் நிற்கும் இடத்தில் அந்தக் கருகல் வாசனை வந்து, உதட்டைச் சப்பிக்கொண்டே நின்றவர், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைமேல் விழுந்துவிட்டார். தூக்கிவிட்டவரைப் பார்த்துச் சிரித்தார். பத்து நாளில் ஆபீஸருக்கு மொட்டைப் பெட்டிஷன் வந்தது. இன்னார் தினமும் திருட்டுச் சரக்கு குடித்துவிட்டுச் சர்க்கார் வேலைக்கு வருகிறார், கூஜாவில் இருப்பது தண்ணீர் அல்ல என்று.

ஆபீஸர் கூஜாவை மோந்து பார்த்தார். தண்ணீர்தான். பிறகு மாப்பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குப் பதில் வந்தது, மற்றதற்கு வரவில்லை. அவர் நல்லவர், பெட்டிஷனை நம்பவில்லை, ஆனால் கிழித்துப் போடவும் அதிகாரம் இல்லை. பெட்டிஷன் நகலை இணைத்து, உடல்நிலையைப் பரிசோதித்துச் சான்று தரும்படி ஜில்லா டாக்டருக்கு எழுதினார். கூடப் போக எனக்கு உத்தரவு. தங்கை தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள்.

அந்தச் சான்றுப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ன வியாதியால் இவர் இனி வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிய பிறகு, அடியில் அச்சாகவே ஒரு வரி இருக்கும். இந்த இயலாமை ஒழுங்கீனமான பழக்கங்களால் வந்ததாகத் தெரியவில்லை என்று. டாக்டர் அந்த வரியை அப்படியே விட்டால் பென்ஷன் உண்டு. பேனாவால் அடித்துவிட்டால் இல்லை. வெற்றிலைகூடப் போடாத மனிதரின் மிச்ச வாழ்க்கை அந்த ஒரு வரியில் நின்றது.

டாக்டர் நடுவயதுக்காரர், பொறுமையானவர். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். பிறகு கேட்டார்.

"இது எந்த ஊரு?"

மாப்பிள்ளை யோசித்தார். "வடக்கே ஆறு. கிழக்கே சமுத்திரம்."

"ஊர் பேரு?"

"பத்திரத்துல இருக்குமே சார்" என்றார் பணிவாக.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பட்டணத்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் படித்துவிட்டு, அது முழுக்கக் குணமான வியாதி, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். அப்போதுதான் தங்கை எழுந்தாள். கணவருடைய தலையை, குழந்தை தலையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

"இங்கப் பாருங்க சார், முடி மொளைக்காத எடம். இங்க ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இன்னா சார் இருக்குது? மூளதானே? கரண்டு அதத் தாண்டித்தானே மூக்குக்குப் போயிருக்கும்?"

"அம்மா, அது வச்சு ஆறு வருஷம் ஆவுது. நெருப்பு பட்டா அன்னிக்கே சுடும். ஆறு வருஷம் கழிச்சா சுடும்?"

"ஈரக் கட்டையில பட்டா உள்ளுக்குள்ளயே கனிஞ்சிக்கினு இருக்குமே சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதை அவருக்காகச் சொல்ல வேண்டும். பல வருஷம் கழித்து இன்னொரு டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தக் கதிர் பட்ட இடத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற சின்னக் குழாய்கள் வருஷக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாக அடைத்துப்போகுமாம். பொட்டுக்கு உட்புறம் இருக்கிற மூளைப் பகுதிதான் புதிதாகக் கேட்டதைச் சேர்த்து வைக்கிற இடமாம். இல்லாத கருகல் வாசனையும் அங்கிருந்துதான் வருமாம். ஆக, முகம் வழிக்கிறவரும் தங்கையும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். இண்டர்மீடியட் தேறியவன்தான் தவறாகச் சொன்னான். நம் ஜில்லா டாக்டரின் புத்தகத்தில் அது இருந்திருக்காது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"கூட வேலை செய்றவர் நீங்கதானே? இந்த மறதிய எப்ப மொதல்ல கவனிச்சீங்க? ரெண்டு மூணு வருஷமா கொஞ்சங் கொஞ்சமா வந்துதுன்னா அது ஏதோ வியாதி, பேர் தெரியாட்டியும் வியாதின்னு எழுதலாம். இந்த ஆறு மாசத்துல திடீர்னு வந்துதுன்னா எனக்கு வேற யோசனைதான் வரும். திருட்டுச் சாராயத்துல இதே மாதிரி நான் பாத்திருக்கேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிக்கப் போறேன்."

யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் என்று சொன்னால் அது காகிதத்தில் ஏறும். காகிதம் ஆபீஸருக்குப் போகும். இரண்டு வருஷமாகத் தெரிந்தும் அவரிடம் எப்படிக் கையெழுத்து வாங்கினாய் என்று கேட்பார்கள். அலமாரியில் வரிசையாக நின்ற புத்தகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. அவற்றின் எண்கள்கூட வந்தன.

"ஆறு மாசம் இருக்கும் சார்" என்றேன்.

தங்கை தலையைத் தூக்கினாள். டாக்டர் ஒரு சம்பிரதாயத்துக்காக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இவர் சொல்றது சரிதானா?"

மாப்பிள்ளையின் விரல் மேஜைமேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது.

"சரி" என்றார்.

டாக்டர் வியாதி என்ற இடத்தில் காரணம் விளங்கவில்லை என்று எழுதினார். அடிவரியின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை அடித்தார். ஒரே கோடு, அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோன ஏரியையும் கழனியையும் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார். போன காரியம் அவருக்கு நினைவில்லை. தங்கை நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் பேச ஆரம்பித்தபோது, "வெயில் அடிக்குது, அந்தப் பக்கம் தள்ளி உக்காரு" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. வந்தால் சோறு போட்டாள், பண்டிகைக்குக் கூப்பிட்டாள், என் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அண்ணே என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். "சாப்புட்றதுன்னா வா" என்பாள். "கடைக்குப் போனா உப்பு வேணும்" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று மற்றவர்களுக்குப் புரியும். எனக்கு ஒவ்வொரு தடவையும் புரிந்தது.

எனக்குத் தலைமைக் குமாஸ்தா உத்தியோகம் வந்தது.

தங்கை மல்லாட்டை உடைக்கிற கொட்டகைக்குப் போனாள். அவரை வீட்டில் தனியாக விட முடியாது என்று கூடவே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவரும் உடைத்தார். கை பழகிக்கொண்டது. மற்றப் பெண்கள், "இன்னா சார், எங்க கொட்டைக்கெல்லாம் பத்திரம் போட்டுக் குடுப்பியா?" என்று சீண்டுவார்கள். அவர், "நாலு எல்லை சொல்லு, போட்டுத் தரேன்" என்பார். கொட்டகையே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கேலி குறைவுதான். போகப்போகப் பருப்பைத் தோல் குவியலிலும் தோலைப் பருப்புக் கூடையிலும் போட ஆரம்பித்தார். தங்கை இரண்டையும் மாற்றிப் போடுவாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது. கடைசியில் தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம். ஒரு விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை. குடிகாரர் என்று சொன்னவர்களும் சாவுக்கு வந்தார்கள், அடக்கமாக நின்றார்கள்.

மூன்றாம் நாள் கிராம முன்சீப் சாவுக் கணக்குப் புத்தகத்தோடு வந்தார். பெயர், வயது, எல்லாம் எழுதிக்கொண்டு, எதனால் செத்தார் என்று கேட்டார். அந்தக் கலத்தில் எழுத ஒரு பட்டியல் உண்டு: காலரா, அம்மை, ஜுரம், பேதி, விபத்து, மற்றவை. மற்றவை என்று போடுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"கரண்டு" என்றாள் தங்கை. "கரண்டு வச்சதால."

முன்சீப் என்னைப் பார்த்தார். படித்தவன் சொல்லட்டும் என்ற பார்வை. இந்தத் தடவை நான் திருத்தவில்லை. "அது சொல்றத எழுதுங்க" என்றேன்.

அவர் மனசாட்சியுள்ள மனிதர். கரண்டு என்பது எழுதுகிற சொல் இல்லை என்று, யோசித்து, மின்சாரம் என்று எழுதினார். மின்சாரம் என்றால் எந்தக் கலம் என்று யோசித்து, விபத்து என்ற கலத்தில் சேர்த்தார். அதை நான் கவனிக்கவில்லை. மாதக் கணக்கு தாலுகா ஆபீஸுக்குப் போனது. அங்கே ஒரு குமாஸ்தா விதிப்படி அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திருப்பினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். நான் தங்கை வீட்டில்தான் இருந்தேன். அவர் கூரையைப் பார்த்தார், தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார்.

"கரண்டு அடிச்சி ஆள் செத்துட்டாருன்னு ரிப்போர்ட். கம்பம் எங்க சார்?"

கம்பம் இல்லை என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். உள்ளே தங்கை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் ஏட்டை உட்காரச் சொல்லி, "எழுதிக்கோங்க, வாக்குமூலம் தரேன்" என்றேன். மூக்கு அடைத்த நாளிலிருந்து தொடங்கினேன். பட்டணம், இரண்டு கன்னம், முடி கொட்டிய இடம். மறதி முதலில் வந்த மாதம். கிழக்கு எல்லை இரண்டு தடவை வந்த பத்திரம். தனியாக ஒப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிய இரண்டு வருஷம். ஜில்லா டாக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், அதற்குக் காரணம். எதையும் விடவில்லை. எங்கேயோ நடுவில் முறத்தின் சத்தம் நின்றது.

ஏட்டு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு சார்? கம்பி இருக்குதா, இல்லியா?"

"இல்லை."

தங்கை முறத்தோடு வாசற்படிக்கு வந்தாள். "இவரு சொன்னத எழுதிக்கோங்க" என்றாள்.

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா" என்றார் ஏட்டு. காகிதத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்து ஒரு வரி எழுதினார். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மடிக்கப் போனார்.

"இன்னா எழுதிக்கிறாரு?" என்று தங்கை கேட்டாள்.

நான் அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கிப் படித்துக் காட்டினேன். "இத்தெருவில் மின்சாரக் கம்பி எதுவும் கிடையாது."

இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.